அமெரிக்காவில் கட்சிகள் எப்படிப் பிறந்தன? முதல் அதிபர்கள் காலத்துக் கேள்விகளும் பதில்களும்

இன்றைக்கு அமெரிக்க அரசியல் என்றாலே இரண்டு கட்சிகள்தான். ஆனால் அந்த நாட்டை உருவாக்கியவர்கள் கட்சியே கூடாது என்று நினைத்தவர்கள். அப்படி நினைத்த அதே ஆட்கள்தான் நாலைந்து வருஷத்துக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள். இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், இன்றைய அமெரிக்கத் தேர்தலில் நமக்கு விசித்திரமாகப் படுகிற பல விஷயங்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

அமெரிக்க அரசியல் சாசனம் கட்சிகளைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடி அதை எழுதியவர்களுக்குக் கட்சி என்றால் சுயநலக் கும்பல் என்றுதான் பொருள். இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பதவிக்காக நடந்த கோஷ்டிச் சண்டைகளைப் பார்த்து வெறுத்துப்போயிருந்தார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் 1787 நவம்பரில் நியூயார்க் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில் இதையே விவாதித்தார். கோஷ்டிகளை ஒழிக்க முடியாது, ஆனால் நாடு பெரிதாக இருந்தால் கோஷ்டிகளும் ஏராளமாக இருக்கும், எந்த ஒன்றாலும் மற்றவர்களை அடக்க முடியாது என்பது அவர் வாதம். நாடு முழுவதையும் இரண்டே அணிகள் பங்குபோட்டுக்கொள்ளும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த இரண்டில் ஒன்றைக் கட்டியதில் பெரும் பங்கு அவருடையதுதான்.

சாசனத்தை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என்ற பிரிவுதானே பிறகு கட்சியானது?

பெயரை வைத்துப் பலர் அப்படி நினைக்கிறார்கள். 1788இல் சாசனத்தை ஆதரித்தவர்களுக்கு ஃபெடரலிஸ்ட் என்று பெயர். 1790களில் உருவான கட்சிக்கும் அதே பெயர். ஆனால் ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். சாசனத்துக்காக, பிறகு நிதி அமைச்சரான ஹாமில்டனோடு தோளோடு தோள் நின்ற மேடிசன் 1791இல் அவருக்கு எதிரணி. சாசனத்தைக் கடுமையாக எதிர்த்த வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி, 1799இல் வாஷிங்டன் கேட்டுக்கொண்டதால் ஃபெடரலிஸ்ட் பக்கம் தேர்தலில் நின்றார். ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

ஜார்ஜ் வாஷிங்டன் எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. 1789, 1792 இரண்டு தடவையும் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கு வாக்களித்தார்கள். அப்படி ஒருமனதாகத் தேர்வான அதிபர் அவருக்குப் பிறகு யாருமில்லை. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் பதவியேற்று, நிதிக்கு அலெக்சாண்டர் ஹாமில்டனையும் வெளியுறவுக்குத் தாமஸ் ஜெஃபர்சனையும் வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே அமைச்சரவையில் சேர்ந்து வேலை செய்வார்கள் என்று உண்மையிலேயே நம்பினார்.

ஆனாலும் முக்கியமான முடிவு ஒவ்வொன்றிலும் அவர் கடைசியில் போய் நின்ற இடம் ஹாமில்டன் பக்கம்தான். கட்சி இல்லாதவர் என்று சொல்லலாம், நடுநிலையாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சண்டை எதில் ஆரம்பித்தது?

கடனில். விடுதலைப் போருக்காக வாங்கிய கடன் மலைபோல் நின்றது. மத்திய அரசின் கடன் சுமார் 54 மில்லியன் டாலர், மாநிலங்களின் கடன் சுமார் 25 மில்லியன். 1790 ஜனவரியில் ஹாமில்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மத்திய அரசின் கடனை முழு மதிப்புக்கு அடைக்க வேண்டும், மாநிலக் கடன்களையும் மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றார். கடன் பத்திரம் வைத்திருக்கும் பணக்காரர்கள் புது அரசு நிலைக்க வேண்டும் என்று விரும்புவார்கள் என்பது அவர் கணக்கு.

இதில் இரண்டு இடத்தில் வயிற்றெரிச்சல் கிளம்பியது. போர் வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த பத்திரங்களை, அவர்கள் வறுமையில் அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். இப்போது முழுப் பணமும் வாங்கியவருக்குத்தான் போகும். விற்ற வீரருக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று மேடிசன் கேட்டார். பிரதிநிதிகள் சபையில் 36க்கு 13 என்று தோற்றார். அடுத்து, வர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டிருந்தது. அடைக்காத மாசசூசெட்ஸின் பாரத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று தெற்கத்தியர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1790 ஜூனில் ஜெஃபர்சன் தன் நியூயார்க் வீட்டுக்கு ஹாமில்டனையும் மேடிசனையும் சாப்பிட அழைத்தார். அந்தச் சாப்பாட்டு மேசையில் பேரம் படிந்தது. மாநிலக் கடனை ஏற்கும் மசோதாவை மேடிசன் முழு மூச்சோடு எதிர்க்க மாட்டார், பதிலுக்கு நிரந்தரத் தலைநகரம் தெற்கே போடோமாக் ஆற்றங்கரைக்கு வரும். இன்றைய வாஷிங்டன் நகரம் அங்கே இருப்பதற்குக் காரணம் அந்த விருந்துதான். தன் அரசியல் வாழ்வின் தவறுகளிலேயே தன்னை மிகவும் வருந்தவைத்தது இதுதான் என்று இரண்டே வருஷத்தில் வாஷிங்டனுக்கு எழுதினார் ஜெஃபர்சன்.

வங்கி விவகாரம் என்ன?

அதுதான் கொள்கைச் சண்டையாக மாறிய இடம். 10 மில்லியன் டாலர் மூலதனத்தில் ஒரு தேசிய வங்கி வேண்டும் என்றார் ஹாமில்டன். மசோதா நிறைவேறி வாஷிங்டனின் மேசைக்கு வந்தது. அவருக்கே சந்தேகம். சாசனத்தில் வங்கி என்ற சொல்லே இல்லையே! அமைச்சர்களிடம் கருத்துக் கேட்டார். சாசனம் வெளிப்படையாகக் கொடுக்காத அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது என்றார் ஜெஃபர்சன். ஒரு வேலையைச் செய்ய அதிகாரம் கொடுத்தால் அதற்குத் தேவையான வழியையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது என்றார் ஹாமில்டன். 1791 பிப்ரவரியில் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டார்.

மத்திய அரசின் கை எவ்வளவு நீளலாம் என்று இன்றைக்கும் அமெரிக்க நீதிமன்றங்களில் வாதாடுகிறார்களே, அந்த வாதத்தின் இரண்டு பக்கமும் அந்த இரண்டு குறிப்புகளில் இருக்கின்றன.

அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே எதிர்க்கட்சி நடத்தினார்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஜான் ஃபென்னோ என்பவர் நடத்திய பத்திரிகை ஹாமில்டனுக்கு ஆதரவு. அரசு அச்சு வேலைகளும் அதற்குக் கிடைத்துவந்தன. அதற்குப் போட்டியாகக் கவிஞர் ஃபிலிப் ஃப்ரெனோவை ஜெஃபர்சனும் மேடிசனும் பிலடெல்பியாவுக்கு வரவழைத்தார்கள். ஜெஃபர்சனின் வெளியுறவுத் துறையிலேயே வருஷத்துக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1791 அக்டோபரில் ஃப்ரெனோவின் பத்திரிகை வெளிவந்தது, அரசாங்கத்தைப் பிய்த்து எடுத்தது. அதாவது வெளியுறவு அமைச்சரிடம் சம்பளம் வாங்கும் ஒருவர், அந்த அமைச்சர் அங்கம் வகிக்கும் அரசையே தாக்கி எழுதினார். ஜெஃபர்சன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இதை நேர்மையான காரியம் என்று சொல்ல மாட்டேன்.

அமைப்பு, உறுப்பினர் அட்டை, கொடி எதுவும் அப்போது கிடையாது. பத்திரிகைகளும் கடிதங்களும்தான் கட்சி.

பிரெஞ்சுப் புரட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கடனும் வங்கியும் படித்தவர்களின் சண்டை. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது பிரான்ஸ்தான். 1793இல் பிரான்ஸ் மன்னர் தலை வெட்டப்பட்டது, பிரிட்டனோடு போர் மூண்டது. பிரான்ஸ் நம்மைப் போல விடுதலைக்குப் போராடும் நாடு என்று ஜெஃபர்சன் அணியினர் கொண்டாடினார்கள். அரசின் சுங்க வருமானத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் வணிகத்திலிருந்து வருகிறது, அவர்களைப் பகைத்தால் அரசாங்கமே படுத்துவிடும் என்றார்கள் ஹாமில்டன் அணியினர். நடுநிலை என்று அறிவித்தார் வாஷிங்டன். அந்த வருஷக் கடைசியில் ஜெஃபர்சன் பதவி விலகினார்.

அப்புறம் வந்தது ஜே உடன்படிக்கை. தலைமை நீதிபதி ஜான் ஜே லண்டன் போய் 1794இல் பேசி முடித்தது. மேற்கில் வைத்திருந்த கோட்டைகளைக் காலி செய்ய பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஆனால் அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் மறித்துப் பிடிப்பதை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. ஊர் ஊராக ஜேயின் கொடும்பாவி எரிந்தது. செனட்டில் 20க்கு 10, அதாவது தேவையான மூன்றில் இரண்டு பங்கு சரியாகக் கிடைத்துத் தப்பியது. நம் பக்கத்துக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியாவில் பிரிட்டனின் வசமிருந்த துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம் என்று அதன் 13ஆவது பிரிவு சொன்னது. கல்கத்தாவும் சென்னையும் அதில் அடக்கம்.

இதற்குப் பிறகு இரண்டு பெயர்களும் ஊன்றிவிட்டன. வடகிழக்கு வணிகர்கள், வங்கி, துறைமுகம், பிரிட்டன் நட்பு என்றால் ஃபெடரலிஸ்ட். தெற்கத்தித் தோட்ட முதலாளிகள், மேற்கத்தி விவசாயிகள், மாநில உரிமை, பிரான்ஸ் அனுதாபம் என்றால் ரிபப்ளிகன். இந்த இரண்டாவது அணியை ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்று பிற்கால வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

வாஷிங்டன் விடைபெறும்போது கட்சிகளைக் கண்டித்தாரே?

ஆமாம். 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் அந்த விடையுரை அச்சாகி வந்தது. அவர் அதை மேடையில் பேசவில்லை. கட்சி வெறி ஒரு தரப்பு இன்னொரு தரப்பைப் பழிவாங்குவதில் கொண்டுபோய் விடும், கடைசியில் மக்கள் ஒரு சர்வாதிகாரியிடம் அடைக்கலம் தேடுவார்கள் என்று எச்சரித்தார். 1792இல் விலக நினைத்தபோது மேடிசன் ஒரு வரைவு எழுதிக் கொடுத்திருந்தார், 1796இல் ஹாமில்டன் அதை விரித்து எழுதினார். இரண்டு அணிகளின் மூளைகளும் எழுதிக் கொடுத்ததுதான் அந்தக் கட்சி எதிர்ப்பு உரை.

அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் எதிர்க்கட்சி என்று ஒரு தடவை ஆனதாமே?

1796இல். சாசனத்தின் பழைய விதிப்படி தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு, இன்னாருக்கு எந்தப் பதவி என்று குறிக்க முடியாது. முதலில் வருபவர் அதிபர், இரண்டாவது வருபவர் துணை அதிபர். ஃபெடரலிஸ்டுகள் ஜான் ஆடம்ஸையும் தாமஸ் பிங்க்னியையும் நிறுத்தினார்கள். பிங்க்னி ஆடம்ஸை முந்திவிடக் கூடாது என்று நியூ இங்கிலாந்துக்காரர்கள் சிலர் அவருக்கு வாக்களிக்காமல் விட்டார்கள். முடிவு: ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68, பிங்க்னி 59. எதிரணித் தலைவர் துணை அதிபரானார். கட்சிகளே இருக்காது என்று நினைத்து எழுதிய விதி, கட்சிகள் வந்ததும் முதல் தேர்தலிலேயே உடைந்தது.

ஆடம்ஸ் ஆட்சியில் பத்திரிகையாளர்களைச் சிறையில் போட்டது உண்மையா?

உண்மை. பிரான்ஸோடு கடலில் அறிவிக்காத போர் நடந்துகொண்டிருந்த 1798இல், தேசத்துரோகப் பேச்சுச் சட்டம் வந்தது. அரசையோ அதிபரையோ நாடாளுமன்றத்தையோ பற்றிப் பொய்யாக, கெட்ட எண்ணத்தோடு எழுதினால் தண்டனை. துணை அதிபரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவர் ஜெஃபர்சன். ஆடம்ஸின் பதவிக்காலம் முடிகிறபோதே சட்டமும் காலாவதியாகும்படி 1801 மார்ச் 3 என்று தேதி குறித்திருந்தார்கள். எதிரணி ஆட்சிக்கு வந்து தங்கள்மேலேயே திருப்பிவிடக் கூடாதல்லவா.

அயர்லாந்தில் பிறந்தவரும் வெர்மான்ட் உறுப்பினருமான மாத்யூ லயனுக்கு, ஆடம்ஸைத் தாக்கி எழுதியதற்காக 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தன. சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

1800 தேர்தலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

நாடே பிழைக்குமா என்று தெரியாமல் ஒரு வாரம் தொங்கிய தேர்தல் அது. ஃபெடரலிஸ்டுகள் இந்த முறை கவனமாக ஒரு வாக்கைத் திருப்பிவிட்டார்கள்: ஆடம்ஸ் 65, தாமஸ் பிங்க்னியின் அண்ணன் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி 64. ரிபப்ளிகன்கள் அப்படிச் செய்யத் தவறினார்கள். அதனால் ஜெஃபர்சன் 73, அவருக்குத் துணையாக நின்ற ஆரன் பர் 73. நான் துணை அதிபராக நின்றவன்தான் என்று சொல்லி பர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

சமநிலை வந்தால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்ய வேண்டும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 தேவை. சபையில் பெரும்பான்மையாக இருந்தவர்களோ தோற்றுப்போன பழைய ஃபெடரலிஸ்டுகள். 1801 பிப்ரவரி 11, வெளியே பனி கொட்டியது. கட்டி முடிக்காத நாடாளுமன்றக் கட்டடத்தில் வாக்கெடுப்பு தொடங்கியது. ஜெஃபர்சனுக்கு 8, பருக்கு 6, மேரிலாந்தும் வெர்மான்ட்டும் உள்ளுக்குள் பிளவுபட்டுச் செல்லாக் கணக்கு. மறுபடி எடுத்தார்கள், அதே. இராத்திரி முழுக்க எடுத்தார்கள், அதே. மேரிலாந்தின் ஜோசஃப் நிக்கல்சனுக்குக் கடும் காய்ச்சல். அவர் வராவிட்டால் மேரிலாந்து பர் பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பனியில் அவரைப் படுக்கையோடு தூக்கிவந்து பக்கத்து அறையில் கிடத்தினார்கள். மனைவி அருகிலிருந்து பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு சுற்றிலும் படுத்தபடியே வாக்களித்தார்.

அந்த நாட்களில் ஹாமில்டன் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஜெஃபர்சனைப் பத்து வருஷமாக எதிர்த்தவர், இப்போது அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஜெஃபர்சனுக்குக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது, பருக்கு அதுவும் இல்லை என்பது அவர் வாதம். டெலவேருக்கு ஒரே ஓர் உறுப்பினர், ஜேம்ஸ் பேயர்ட். அவர் ஒருவர் கையில் ஒரு மாநிலத்தின் முழு வாக்கு. கடைசியில் அவர் இறங்கி வந்தார். பிப்ரவரி 17, 36ஆவது சுற்று. வெர்மான்ட்டின் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் சபைக்கு வராமல் ஒதுங்க, மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் வெர்மான்ட்டை ஜெஃபர்சனுக்குக் கொடுத்தார். அவர்தான் சிறைக்குப் போய்வந்த மாத்யூ லயன். மேரிலாந்தின் ஃபெடரலிஸ்டுகளும் வெற்றுச் சீட்டுப் போட்டார்கள். ஜெஃபர்சன் 10 மாநிலங்களோடு அதிபரானார்.

மார்ச் 4 அன்று ஆடம்ஸ் பதவியேற்பு விழாவுக்கு இருக்கவில்லை, விடியற்காலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். மனத்தாங்கல் இருந்தது, ஆனால் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார். படை வரவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆட்சியிலிருந்த கட்சி தேர்தலில் தோற்று எதிர்க்கட்சியிடம் ஆட்சியைக் கொடுத்தது அங்கே அதுவே முதல் தடவை. அந்தக் காலக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். 1804இல் 12ஆவது திருத்தம் வந்து, அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி வாக்கு என்றானது. அதே வருஷம் ஜூலையில் துணை அதிபர் பர், துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டனைச் சுட்டார். மறுநாள் ஹாமில்டன் இறந்தார்.

அடிமை முறைக்கும் இந்தக் கட்சிகளுக்கும் தொடர்பு உண்டா?

அதை விட்டுவிட்டுப் பேசினால் பாதிக் கதைதான். 1790 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 39 லட்சம், அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் மாநிலத்தின் பலத்தைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். தெற்குக்குக் கூடுதல் உறுப்பினர்கள், கூடுதல் தேர்வாளர்கள். 1800இல் ஜெஃபர்சன் முந்தியதே இந்தக் கூடுதல் வாக்குகளால்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். முதல் ஐந்து அதிபர்களில் நால்வர் வர்ஜீனியாக்காரர்கள், நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஆடம்ஸ் ஒருவர்தான் விலக்கு. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தார்.

ஃபெடரலிஸ்ட் கட்சி என்ன ஆனது?

1812இல் அதிபராக இருந்த மேடிசன் பிரிட்டன்மேல் போர் தொடுத்தார். வணிகம் படுத்த கோபத்தில் நியூ இங்கிலாந்து ஃபெடரலிஸ்டுகள் 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் மாநாடு கூட்டி, சாசனத் திருத்தங்கள் கேட்டுத் தூது அனுப்பினார்கள். தூதர்கள் வாஷிங்டன் போய்ச் சேரும் நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் வந்துவிட்டன. போர்க்காலத்தில் காலை வாரியவர்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1816க்குப் பிறகு அவர்களுக்கு அதிபர் வேட்பாளரே இல்லை.

கட்சி போனாலும் கருத்து போகவில்லை. ஆடம்ஸ் கடைசி நாட்களில் நியமித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1835 வரை இருந்தார். வங்கி விஷயத்தில் ஹாமில்டன் சொன்னதே சரி என்று 1819இல் தீர்ப்பு எழுதினார். ஜெஃபர்சனே 1803இல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை 15 மில்லியன் டாலருக்கு வாங்கினார். நிலம் வாங்கும் அதிகாரம் சாசனத்தில் எழுதப்படவில்லை என்று அவருக்கே தெரியும்.

இன்றைய ஜனநாயகக் கட்சி எப்போது வந்தது?

மேடிசனுக்கு அடுத்த அதிபர் மன்றோ காலத்தில் ஒரே கட்சிதான். 1820இல் ஒரே ஒரு தேர்வாளர் வாக்கு தவிர எல்லாம் அவருக்கே. 1824இல் அந்தக் கட்சி நாலு வேட்பாளராகச் சிதறியது. ஆண்ட்ரூ ஜாக்சன் 99, பழைய அதிபர் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, கிளே 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் மறுபடி பிரதிநிதிகள் சபை. சபாநாயகர் ஹென்றி கிளே, ஆடம்ஸை ஆதரித்தார். அதிபரான ஆடம்ஸ், கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். இது ஊழல் பேரம் என்று ஜாக்சன் ஆட்கள் நாலு வருஷம் ஊரெல்லாம் முழங்கினார்கள். நியூயார்க்கின் மார்ட்டின் வான் பியூரன் அவர்களை ஒரு கட்டுக்கோப்பான இயந்திரமாக்கினார். சொத்து இல்லாத வெள்ளைக்கார ஆண்களுக்கும் பல மாநிலங்களில் வாக்கு வந்திருந்தது. 1828இல் பதிவான வாக்குகள் முந்தைய தேர்தலைப்போல மூன்று மடங்கு. ஜாக்சன் 178க்கு 83 என்று ஜெயித்தார். அந்த அமைப்புதான் ஜனநாயகக் கட்சி.

ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சிதான் இன்றைய குடியரசுக் கட்சியா?

இல்லை. ஜாக்சனுக்கு எதிராக 1830களில் உருவான விக் கட்சி அடிமைப் பிரச்சினையில் உடைந்தது. அடிமை முறை மேற்கே பரவ வழிவிட்ட 1854ஆம் வருஷச் சட்டத்தை எதிர்த்து, விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பன், மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் போன்ற ஊர்களில் கூடியவர்கள் ஆரம்பித்ததுதான் இன்றைய குடியரசுக் கட்சி. 1860இல் அதன் வேட்பாளர் லிங்கன் 40 சதவீதத்துக்கும் குறைவான மக்கள் வாக்கில் அதிபரானார், எதிர்த்தரப்பு மூன்றாகப் பிரிந்து நின்றது.

ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் எல்லாத் தேர்வாளர்களும் ஒருவருக்கே போவது யார் செய்த ஏற்பாடு?

சாசனம் செய்ததல்ல, கட்சிகள் செய்தது. 1796இல் வர்ஜீனியாவில் தொகுதிவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெஃபர்சனின் சொந்த மாநிலத்திலேயே ஒரு தொகுதி ஆடம்ஸ் பக்கம் போனது, வட கரோலினாவிலும் ஒன்று போனது. அந்த இரண்டும் மாறியிருந்தால் ஜெஃபர்சன் 70, ஆடம்ஸ் 69. அடுத்த தேர்தலுக்கு முன்பே வர்ஜீனியா சட்டத்தை மாற்றி 21 தேர்வாளர்களையும் மாநிலம் முழுக்க ஜெயிப்பவருக்கே என்றாக்கியது. உடனே ஆடம்ஸின் மாசசூசெட்ஸ், தேர்வாளர்களை மாநிலச் சட்டமன்றமே நியமிக்கும் என்று மாற்றிக்கொண்டது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக வர்ஜீனியா வழிக்கு வந்தன. இன்றைக்கு மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற 48 மாநிலங்களிலும் அந்த முறைதான்.